எனக்கு மீன் ஆகாது என்று எட்டு மாதம் நம்பினேன்

எனக்கு 69 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் எங்கள் பழைய வீட்டில் தனியாக வசிக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு நீண்டு கிடந்தாலும் அடுப்பு எரிவது ஒருத்திக்காகத்தான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். காலையில் வந்து பாத்திரம் துலக்கி, பெருக்கி, மதியம் என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒரு பெண்ணைத் தவிர வீட்டில் வேறு பேச்சுத் துணை இல்லை. சென்ற ஆண்டு மே மாதம் நடந்ததை எழுதுகிறேன். அப்போது யாராவது இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லியிருந்தால், எட்டு மாத அச்சம் இருந்திருக்காது, 34,500 ரூபாயும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நான் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆட்டுக்கறியைக் குறைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடும்படியும், அதிலும் எண்ணெய்ச் சத்துள்ள மத்தி, கானாங்கெளுத்தி போன்றவை இதயத்துக்கு நல்லவை என்றும் எனக்குப் பார்க்கும் மருத்துவர் சொல்லியிருந்தார். சரியான அறிவுரைதான், ஒமேகா-3 கொழுப்பு இத்தகைய சிறிய, மலிவான மீன்களில்தான் நிறைய இருக்கிறது. வஞ்சிரம் வாங்கினால்தான் மதிப்பு என்று எண்ணி வளர்ந்த எனக்கு அது புதிய செய்தியாகவும், பணப்பைக்கு இதமான செய்தியாகவும் இருந்தது. ஆனால் எந்த மீன் நல்லது என்பதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, அந்த நல்ல மீன்தான் மற்றவற்றைவிட வேகமாகக் கெடும் என்பதை நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்று புதன்கிழமை. காரைக்குடியில் வங்கி வேலை இருந்ததால், கூட்டம் சேர்வதற்கு முன் மீனை வாங்கிவிடலாம் என்று நினைத்துக் காலை ஒன்பதேகால் மணிக்கே அரைக்கிலோ கானாங்கெளுத்தியை 130 ரூபாய்க்கு வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கே பதினொன்றரை ஆகிவிட்டது. பேருந்து பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்தே மின்தடை. குளிர்சாதனப் பெட்டி அணைந்து கிடக்கிறது என்பதைக்கூட நினைக்காமல் மீனை அதற்குள் வைத்துவிட்டு, விசிறியோடு சற்று நேரம் படுத்துவிட்டேன். பிறகு எழுந்து மீனைக் கழுவி மசாலா தடவி ஒன்றேகாலுக்கு வறுத்து, இருவரும் சாப்பிட்டோம். மீன்காரரின் பனிக்கட்டியிலிருந்து என் வாணலிக்கு வர அந்த மீனுக்கு நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது, அதுவும் மே மாத வெயிலில். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது எட்டு மாதம் கழித்து.

இரண்டு மணி இருக்கும்; முகம் திடீரென்று அடுப்பின் முன்னால் நிற்பதுபோல் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகமும் கழுத்தும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. தலை விண்விண்ணென்று தெறித்தது. நெஞ்சு படபடத்தது, மேலெல்லாம் அரித்தது, வயிறும் போயிற்று. வேலைக்கு வரும் பெண் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாரடைப்புதான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது சாவின் பயத்தைவிட வெட்கம் என்று சொன்னால் நம்புவீர்களா? நிலைக்கதவு உள்தாழ் போட்டிருக்கிறதே, எல்லோரும் கதவை உடைத்துக்கொண்டு வந்து பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் தோன்றியது. தட்டுத்தடுமாறித் தாழைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாக வரும் ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன்.

தனியார் மருத்துவமனையில் இதயத் துடிப்புப் பதிவு எடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, ஊசி போட்டு, இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள்ளேயே சிவப்பும் படபடப்பும் இறங்கிவிட்டன. இதயத்தில் கோளாறு இல்லை. என் வயதுக்கு அவர்கள் அப்படிக் கவனித்ததில் எனக்குக் குறையில்லை. கட்டணம் 18,400 ரூபாய். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள், மீன் என்றேன். மீன் ஒவ்வாமை என்று எழுதி, இனி மீனைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்போது வாங்கியது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது, உடன் வேறு யாராவது சாப்பிட்டார்களா என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. மருத்துவரிடம் நாமாகச் சொல்ல வேண்டியவையே இவைதான் என்பதை எனக்கு அடுத்து இந்நிலையில் படுக்கப்போகும் யாரேனும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் மருந்து அடித்த மீன் என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பு. 2018இல் கேரளத்துக்கு வந்த மீன்களில், பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் என்ற மருந்து கலந்திருந்தது பிடிபட்டு ஊரெல்லாம் பேச்சான நாளிலிருந்து, மீனால் எது வந்தாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. நானும் அதையே நம்பி, பதினைந்து ஆண்டுகளாக எனக்கு மீன் தரும் மனிதரைப் பற்றி நாலு பேரிடம் குறை பேசினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அடுத்த மாதம் மகனின் வற்புறுத்தலால் வாடகைக் காரில் மதுரைக்குப் போய் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பரிசோதனைக்கு 6,500, காருக்கு 3,800. மீனுக்கு ஒவ்வாமை இல்லை என்று முடிவு வந்தது. நிம்மதிக்குப் பதிலாகக் குழப்பம்தான் கூடியது. பரிசோதனை பொய்யோ என்று எண்ணி, மீனைத் தொடாமலே இருந்தேன். அதற்கு ஈடாக மீன் எண்ணெய் மாத்திரையை இணையத்தில் ஒரு புட்டி 1,450 ரூபாய் வீதம் நான்கு முறை வாங்கினேன். நெஞ்சு கரித்ததும் ஏப்பம் விட்டால் மீன் வாடை வந்ததும்தான் கண்ட பலன். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நல்லவேளையாக நான் அந்த மருந்து சாப்பிடுகிறவள் இல்லை. ஆட்டுக்கறியும் இல்லாமல் மீனும் இல்லாமல் ரசமும் துவையலுமாகக் காலம் தள்ளியதில் மூன்று கிலோ எடை குறைந்தது; மாடிப்படி ஏறக் கால் தயங்கியது. வயதானவர்களுக்குத் தசை கரைவது சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு, அதை மீட்பது எளிதன்று.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்த் திரும்பிய என் பெரியப்பா மகன், மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினார். மெலிந்துபோனதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். அண்ணன் முதலில் கேட்ட கேள்வி, “அந்த மீனை வேறு யார் சாப்பிட்டது?” வேலைக்கு வரும் பெண் சாப்பிட்டாளே என்று சொல்லி அவளைக் கூப்பிட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எனக்கும் அன்னைக்கு மூஞ்சியெல்லாம் செவந்து அரிச்சுச்சு ஆச்சி. மருந்துக்கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாப் போச்சு. நீங்க ஆஸ்பத்திரியில கெடக்கையில எங்க அரிப்பையா வந்து சொல்றது?” எட்டு மாதம் என்னை அடைத்து வைத்திருந்த கதவுக்கு உரிய சாவி, தினமும் என் அடுப்படியிலேயே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே மீனைச் சாப்பிட்ட இருவருக்கும் ஒரே வகையில் வந்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று, மீனில் ஏறியிருந்த நஞ்சு என்று அண்ணன் விளக்கினார். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை, நெத்திலி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இயல்பாகவே மிகுதி. மீன் செத்த பிறகு குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமை வந்தால் நம் உடல் சுரக்கும் பொருளும் அதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தோன்றுகின்றன. இதில் மோசமான செய்தி என்னவென்றால், ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நன்றாக வேகவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் அடுப்படி நம்பிக்கை இங்கே செல்லாது. நாற்றம் வந்த பிறகுதான் இது உண்டாகும் என்பதும் இல்லை. பார்வைக்கும் மூக்குக்கும் நல்லதாகத் தெரியும் மீனிலும் இருக்கலாம். போதாக்குறைக்கு நம் வயதில் மூக்கும் மந்தமாகிவிடுகிறது. இத்தகைய மீன் சில வேளை நாக்கில் மிளகு போல் சுள்ளென்று உறைக்குமாம். வேறு ஊர்க்காரர்களுக்கு அது எச்சரிக்கையாக இருக்கலாம். மிளகும் மிளகாயும் சோம்பும் அரைத்துத் தடவும் செட்டிநாட்டு வறுவலில் அந்த உறைப்பை யார் பிரித்தறிவது?

மீன் அன்றே குப்பைக்குப் போய்விட்டதால் இதை இனி நிரூபிக்க வழியில்லை. ஆனால் நேரம், அறிகுறி, இருவருக்கும் வந்தது, பரிசோதனை முடிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆகவே சாப்பிட்டு இப்படி ஏதாவது நேர்ந்தால், மிச்சத் துண்டு ஒன்றை உறைவிப்பானில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்காக வீட்டிலேயே இருந்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். உண்மையான ஒவ்வாமை உயிரையே எடுக்கும், இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ மயக்கமோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இன்னொன்று: காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிட் மாத்திரை, உடல் ஹிஸ்டமினைச் சிதைப்பதைத் தடுக்கும். அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் இத்தகைய மீன்களை உண்ணலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு அண்ணன் முன்னிலையிலேயே, புதிதாக வந்த நகரை மீனில் ஒரு துண்டை மட்டும் தின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம். அழுகை வந்தது, மீனுக்காக ஒரு கிழவி அழுதாள் என்று சொல்லிச் சிரித்தோம். ஒவ்வாமை என்று ஒருமுறை சொல்லப்பட்டவர்கள் தாமாக இப்படித் தின்று பார்க்கக்கூடாது. எனக்குப் பரிசோதனை முடிவு கையில் இருந்தது, பக்கத்தில் மருத்துவர் இருந்தார்.

அதற்கடுத்த வாரம் மீன்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் கோபப்படவில்லை. எத்தனையோ ஆண்டுகள் வாங்கியும் நான் கேட்டிராத செய்திகளை அன்று கேட்டேன். எங்கள் பகுதிக்குத் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து மீன் வருகிறது. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுடையவை. எந்தப் படகு எப்போது கரைக்கு வந்தது என்று கேட்டால் நேர்மையான வியாபாரி சொல்லிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மேற்குக் கடற்கரையில் தடை பிறகுதான் தொடங்கும் என்பதால், அந்த மே மாதத்தில் எனக்குக் கிடைத்த கானாங்கெளுத்தி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் பனிக்கட்டியோடு வந்தது. அதன் பயணக் களைப்பின் மேல் என் நான்கு மணி நேரமும் சேர்ந்துகொண்டது. அவர் செய்த தவறு எவ்வளவு, நான் செய்த தவறு எவ்வளவு என்று பிரித்தால் என் பங்குதான் பெரிதாக இருக்கும்.

இப்போது தடைக்காலத்தில் கானாங்கெளுத்தியையும் மத்தியையும் விட்டுவிடுகிறேன். நாட்டுப்படகில் வந்த சிறு மீன் கிடைத்தால் வாங்குவேன். இல்லையென்றால் கண்மாய் மீன். உயிரோடு துள்ளும் விராலைக் கண்ணெதிரே அறுத்துத் தருகிறார்கள், அதைவிடப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஒமேகா-3 அதில் மத்தி அளவுக்கு இல்லை, ஆனால் புரதம் நிறைவாக இருக்கிறது. முள்ளும் பெரிதென்பதால் என் பொய்ப்பல்லுக்கும் கண்புரைக்கும் தோதானது. மற்ற மாதங்களில் மத்தி வாங்கினால் அதைப் புளிக்குழம்பில் முள் மசியும்வரை வேகவைத்துச் சாப்பிடுகிறேன், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வாங்கும்போது துண்டு போட்டு வைத்ததை எடுப்பதில்லை, முழு மீனாகப் பார்க்கிறேன். கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு உடையாமல் இறுகியிருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கில் எனக்கு எல்லாச் செவுளும் சிவப்பாகவே தெரிவதால் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்கிறேன்; முதலில் சிரித்தவர்கள் இப்போது தாமாகவே செவுளை விரித்துக் காட்டுகிறார்கள். ஆனால் இவையெல்லாம் மீன் பழசா என்பதைத்தான் காட்டும், ஹிஸ்டமினைக் காட்டா. அதற்கு விடாத குளிர்ச்சி ஒன்றே காவல். பாத்திரக் கடையில் 650 ரூபாய்க்கு ஒரு சிறிய பனிப்பெட்டி வாங்கினேன். ஊரில் எந்த வேலை இருந்தாலும் மீன் வாங்குவது கடைசி வேலை, அதன் பிறகு பேருந்துக்குக் காத்திராமல் ஆட்டோவில் நேரே வீடு. மீதமான மீன் குழம்பை மறுநாள்வரை சட்டியிலேயே வைத்துச் சுண்டச் சுண்டத் தின்பதை எங்கள் ஆயா காலத்திலிருந்து கொண்டாடி வருகிறோம். நான் இப்போது ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறேன். ருசி குறையவில்லை.

பெரிய மீன்களைப் பற்றியும் அண்ணன் ஒன்று சொன்னார். சுறா, பெரிய வஞ்சிரம் போன்ற பிற மீனைத் தின்று வளரும் மீன்களில் பாதரசம் சேரும். எச்சரிக்கை கடுமையாக இருப்பது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். நாமோ பிள்ளை பெற்றவளுக்குத்தான் சுறாப் புட்டைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். நம் வயதில் எப்போதாவது உண்பதில் பயமில்லை, வாரந்தோறும் வேண்டாம். கருவாடு என் பலவீனம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தக்காரிக்குக் கருவாட்டுக் குழம்பு அந்தக் கணக்கைக் குலைத்துவிடும், ஊறவைத்தாலும் உப்பு முழுவதும் போவதில்லை. மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், சில மாதம் இரண்டாகிவிடுகிறது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கு மத்தியும் நெத்திலியுமே மூட்டு வலியைக் கிளப்பக்கூடும் என்பதால், அவர்கள் என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது. மருத்துவமனைக் கோப்பில் என் பெயருக்குக் கீழே மீன் ஒவ்வாமை என்றே இருந்தது. நாளை நினைவின்றிக் கொண்டுபோய்ப் போட்டாலும் அந்த வரியைத்தான் நம்புவார்கள். மதுரைப் பரிசோதனை முடிவையும் அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பையும் எடுத்துக்கொண்டு போய், இரண்டு முறை அலைந்து, மூன்றாம் முறை மாற்றி எழுத வைத்தேன். மாதாந்திர மின்தடை அறிவிப்பு வந்ததும் இப்போது அடுப்படி நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறாள் வேலைக்கு வரும் பெண். அன்று எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.